தோல், கம்பி, குதிரைமுடி

பேஸ்பாலில் பந்து வீசும் அணியின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் மட்டையாளரைப் பார்த்து நிற்பார்கள். கேட்சர் ஒருவர் மட்டும் மட்டையாளரின் பின்னால் குந்தியிருந்து மொத்த மைதானத்தையும் பார்ப்பார். கிரிக்கெட்டில் வேகப்பந்து என்றால் விக்கெட் கீப்பர் பல கஜம் பின்னால் தள்ளி நின்றுகொள்ளலாம். கேட்சருக்கு அந்த வசதி இல்லை. மட்டை வீச்சுக்கு அப்பால் கையெட்டும் தூரத்தில்தான் அவர் இருந்தாக வேண்டும். மட்டையின் விளிம்பில் உரசித் திசை மாறும் பந்து முகத்துக்கு வருமா, தொண்டைக்கு வருமா, முழங்காலுக்கு வருமா என்று யோசிக்க அவருக்கு நேரம் கிடையாது. அதனால்தான் அந்த ஆட்டத்தில் அவருக்கு மட்டும் முகக்கவசம், மார்புக்கவசம், கால்கவசம், பெரிய மெத்தை போன்ற மிட் என நான்கும் வேண்டியிருக்கின்றன.

இந்த நான்கும் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1877-இல் தொடங்கி 1907 வரை முப்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய உடைந்த பல்லுக்கோ வீங்கிய விரலுக்கோ பிறகு வந்தது. பழைய கேட்சர் கவசங்களை அடையாளம் காணவும் விலை மதிக்கவும் நான் கற்றுக்கொண்ட ஆண்டுகளில், இந்த வரிசைதான் எனக்குப் பாதை காட்டியது.

கணவரின் வேலைக்காக நாங்கள் மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக்குப் போனோம். வூஸ்டர் நகருக்குத் தெற்கே ஒரு பழம்பொருள் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. வயதானவர்கள் இறந்த பிறகோ, வீட்டை விற்கும்போதோ, அங்குள்ள சாமான்களை மொத்தமாக எடுத்துவந்து, பிரித்து, பட்டியல் எழுதி விற்கும் கடை அது. பட்டியல் எழுதுவது என் பொறுப்பு. கடைக்காரப் பெரியவர் ப்ராக்டனில் வளர்ந்தவர். ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கே ஷூ தைத்துக் கொடுத்த ஊர் அது. அவர் இளமையில் ஷூ தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தார். சனிக்கிழமைகளில் தொழிற்சாலை அணிக்குக் கேட்சராக ஆடினார். அவருடைய வலது கையின் மூன்று விரல்கள் வெவ்வேறு திசையில் வளைந்திருக்கும். மிட் இடது கைக்குத்தான். வலது கை வெறுங்கையாகப் பந்தருகே காத்திருக்கும். பழைய கேட்சர்களை வலது கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்பார்.

பொருளோடு வருகிறவர்கள் கதையோடுதான் வருவார்கள். பெரியவர் சிரித்துக்கொண்டே அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுப்பார். பிறகு என்னிடம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொல்வார்: "கதையக் கடைசியில கேட்டுக்கலாம். முதல்ல பொருள் என்ன சொல்லுதுன்னு பாரும்மா." ஆங்கிலத்தில் அவர் சொன்னது என் காதில் இப்படித்தான் விழுந்தது. இத்தொழிலின் முதல் பாடம் அதுதான்.

முகக்கவசத்திலிருந்து தொடங்குகிறேன். ஹார்வர்ட் பல்கலைக்கழக அணியின் ஃப்ரெட் தேயர், வாள்வீச்சுக்காரர்கள் அணியும் முகமூடியை எடுத்து, கனத்த கம்பிகளால் மாற்றியமைத்துத் தங்கள் கேட்சர் ஜேம்ஸ் டைங்குக்குக் கொடுத்தார். 1877 ஏப்ரலில் லின் நகரில் நடந்த ஆட்டத்தில் டைங் அதை அணிந்தார். 1878 பிப்ரவரியில் தேயருக்குக் காப்புரிமை கிடைத்தது. கூண்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஆடுவது ஆண்மைக்கு அழகா என்று முதலில் கேலி எழுந்தது. சில ஆண்டுகளில் கேலி செய்தவர்களும் அணிந்துகொண்டார்கள்.

ஒரு முகக்கவசம் கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது கம்பிகள் சந்திக்கும் இடத்தை. 19-ஆம் நூற்றாண்டுக் கவசங்களில் ஒரு கம்பியை மற்றொன்றின் மேல் குறுக்காக வைத்து, மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டி, அதன்மேல் ஈயம் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். சந்திப்புகள் சிறு முடிச்சுகளாகப் புடைத்திருக்கும். விரலால் தடவினால் ஒவ்வொரு முடிச்சும் மற்றொன்றிலிருந்து சற்றே வேறுபடும். கையால் செய்ததற்கு அதுவே சாட்சி. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார வெல்டிங் வந்ததும் முடிச்சுகள் மறைந்தன. கண்ணெதிரே குறுக்குக் கம்பி இல்லாமல் அகலமான திறப்பு வந்தது. 1920களில் அலுமினியத்தை வார்த்து ஒரே துண்டாகச் செய்த கவசங்கள் வந்தன. நெற்றியிலும் தாடையிலும் தடித்த மெத்தைகள், நடுவில் தட்டையான சில பட்டைகள். தொண்டைக்கு முன்னால் தொங்கும் சிறு தகடு இன்னும் பிந்தியது. 1976-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் கேட்சர் ஸ்டீவ் யேகர், மட்டையடிக்கத் தன் முறைக்குக் காத்திருந்தபோது, உடைந்த மட்டையின் சிம்பு கழுத்தில் குத்திப் படுகாயமடைந்தார். அதன்பிறகு அந்த அணியின் உடல்நலப் பயிற்சியாளர் பில் பூலர் அமைத்துக் கொடுத்தது அந்தத் தகடு. கம்பியும் மெத்தையும் பழையதாக இருந்து தகடு மட்டும் தொங்கினால், அது பின்னால் சேர்த்தது என்று பொருள்.

அடுத்துப் பார்ப்பது உள்மெத்தை. பழைய கவசங்களில் தோல் உறைக்குள் குதிரைமுடி அடைத்திருப்பார்கள். தையல் விட்ட இடத்தில் கறுத்த, சுருண்ட, கொஞ்சம் முரடான முடி எட்டிப் பார்க்கும். வியர்வை உப்பு ஏறி, தோல் நெற்றிப் பக்கம் கறுத்து மினுமினுக்கும். கன்னப் பக்கம் அவ்வளவு இருக்காது. ஒரே சீராகக் கறுத்திருந்தால் சாயம் பூசியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். உண்மையான உழைப்பு எல்லா இடத்திலும் சமமாகத் தேய்ப்பதில்லை.

மிட்டின் கதை இன்னும் நீளம். 1870-இல் சின்சினாட்டி அணியின் கேட்சர் டக் ஆலிசன் காயம்பட்ட கைக்கு மான்தோல் உறை போட்டுக்கொண்டார். 1880களின் முடிவில் மெத்தை வைத்த மிட் வந்தது. முதலில் செய்தவர் ஜோ கன்சன் என்றும் வேறு பலர் என்றும் வாதங்கள் உண்டு. 1889-இல் ஹாரி டெக்கர் காப்புரிமை பெற்றார்; அந்த வகை மிட்டுகளை ஆட்டக்காரர்கள் அவர் பெயராலேயே அழைத்தார்கள். 1895-இல் கையுறையின் எடைக்கும் சுற்றளவுக்கும் விதி வந்தபோது, 10 அவுன்ஸ், 14 அங்குலம் என்ற வரம்பிலிருந்து கேட்சருக்கும் முதல் பேஸ்காரருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு கேட்சர் மிட் தன் வழியில் தனியாகப் பெருத்தது.

1890களின் மிட் வட்டமாக, உப்பலாக இருக்கும். நடுவில் குழி அநேகமாக இருக்காது. ஆட்டக்காரரே அடித்து அடித்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையே ஒரு தோல்துண்டோ வாரோ இருந்தால் உண்டு. மணிக்கட்டில் பக்கிள் வைத்த பட்டை. பிறகு பக்கிளின் இடத்தில் பொத்தான் வந்தது. ஓரம் முழுக்க வார் கோத்தார்கள். பட்டையில் துணி லேபிள் தைத்தார்கள். 1960களில் கீல் வைத்ததுபோல் நடுவில் மடங்கும் மிட்டை சிகாகோ கப்ஸ் அணியின் ராண்டி ஹண்ட்லி பயன்படுத்தினார். சின்சினாட்டியின் ஜானி பெஞ்ச் அதை நாடறியச் செய்தார். ஒரே கையால் பந்தைக் கவ்வ முடிந்ததால் வலது கையை முதுகுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக்கொள்ள முடிந்தது. பெரியவரின் தலைமுறைக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

இடது கையால் எறிகிறவருக்கான கேட்சர் மிட், அதாவது வலது கையில் அணிவது, மிக அரிது. கேட்சர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே வலது கைக்காரர்கள். 1880களிலும் 90களிலும் பிலடெல்பியாவில் ஆடிய ஜாக் கிளெமென்ட்ஸ் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களில் கேட்சராக நின்ற இடது கைக்காரர். அவரைப் போல இன்னொருவர் வரவில்லை. பெட்டி நிறையக் கையுறைகள் வந்தால், எந்தக் கைக்கு என்று ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்காமல் நான் விலை எழுதியதில்லை.

மார்புக்கவசங்களில் முழுதாகப் பிழைத்தவை குறைவு. 1880களில் டெட்ராய்ட் அணியின் கேட்சர் சார்லி பென்னட்டுக்கு அவருடைய மனைவி கார்க் வைத்துத் தைத்துக் கொடுத்த கவசம் பற்றிய செய்தி ஒன்று உண்டு. பிறகு ஹார்ட்ஃபர்டைச் சேர்ந்த வில்லியம் கிரே காற்றடைத்த கவசத்தைக் கொண்டுவந்தார். காசு போட்டுப் பேசும் தொலைபேசியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். துணிக்குள் ரப்பர்ப் பைகள், வாயால் ஊத ஒரு குழாய். ரப்பர் நூறாண்டு தாங்காது. இறுகி, விரிசல் விட்டு, தொட்டால் உதிரும். அதனால் ஊதும் குழாயும் துணியும் பட்டைகளும் குலையாமல் கிடைத்தாலே பெரிது. அப்படிக் கிடைத்தால் ஊதிப் பார்க்கக் கூடாது, மடிப்பை விரிக்கவும் கூடாது. இதில் ஒரு குழப்பமும் உண்டு. அமெரிக்கன் லீக் நடுவர்கள் 1970கள் வரைகூடக் காற்றடைத்த பெரிய கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதைக் கேட்சருடையது என்று விற்பவர்கள் உண்டு. கேட்சர் கவசம் உடலில் கட்டிக்கொள்வது. குனிந்து எழுந்து எறிய வேண்டும் என்பதால் தோள்பக்கம் வெட்டிவிட்டிருக்கும். நடுவருடையது அகலமாக, கேடயமாக இருக்கும். உள்பக்கம் கைப்பிடிக்கு இடம் இருக்கும்.

கால்கவசத்துக்கு வரும்போது கிரிக்கெட் பார்த்து வளர்ந்தது எனக்கு உதவியது. 1907 ஏப்ரலில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் ரோஜர் ப்ரெஸ்னஹன், சீசனின் முதல் ஆட்டத்திலேயே எல்லாரும் பார்க்கக் கால்கவசம் கட்டிக்கொண்டு இறங்கினார். கிரிக்கெட் மட்டையாளர் கட்டும் பேட் போலவே அது இருந்தது என்று அன்றே எழுதினார்கள். இதைப் பிடித்துக்கொண்டு, இங்கிலாந்திலிருந்து வந்த பழைய கிரிக்கெட் பேடை 'ஆரம்பகால பேஸ்பால் கால்கவசம்' என்று சந்தையில் வைப்பது வழக்கமாகிவிட்டது. நான் சின்ன வயதில் அண்ணனுக்கு பேட் வாரைக் கட்டிவிட்டவள். தொடை வரை ஏறும் மேல்பகுதி, முழங்காலுக்குக் குறுக்கே உருட்டித் தைத்த மெத்தைகள், கணுக்காலருகே ஷூவின் மேல் படியும் வெட்டு, இவற்றைப் பார்த்தாலே எது லார்ட்ஸ் வழி வந்தது என்று தெரிந்துவிடும். கேட்சரின் கால்கவசம் முழங்காலோடு நிற்கும். ஏனென்றால் அவர் குந்த வேண்டும். முழங்கால் தொப்பி தனியாக மடங்கும். ஆரம்பத்தில் உள்ளே பிரம்புக் குச்சிகளை வரிசையாக வைத்துத் துணியால் மூடினார்கள். பிறகு கெட்டியான ஃபைபர், 1950களை ஒட்டிப் பிளாஸ்டிக்.

மாசச்சூசெட்ஸில் ப்ரிம்ஃபீல்டு என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1959 முதல் அங்கே திறந்தவெளிப் பழம்பொருள் சந்தை நடக்கிறது. மே, ஜூலை, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை, நெடுஞ்சாலையின் இருபுறமும் வயல்களில் கூடாரம் போட்டுவிடுவார்கள். விடியும் முன்பே பெரியவர் டார்ச் லைட்டோடு கிளம்பிவிடுவார். அந்த லைட்டோடு ஒரு புற ஊதா விளக்கும் அவர் பையில் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த பல நூல்களிலும் துணிகளிலும் வெண்மைக்காகச் சேர்த்த ரசாயனம் அந்த ஒளியில் நீலமாகப் பளபளக்கும். 1900-ஆம் ஆண்டு மிட் என்று நீட்டப்பட்டதன் தையல் நீலமாக ஒளிர்ந்தால், ஒன்று அது பிறகு தைத்தது, அல்லது பொருளே பிறகு செய்தது. நாற்கோண நட்சத்திரம் போன்ற பள்ளம் வைத்த பிலிப்ஸ் திருகாணி 1930களில்தான் வந்தது. பெட்டியில் ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963-க்கு முந்தியது அல்ல. 19-ஆம் நூற்றாண்டு விதிப்படி பேஸ்பால் ஆடும் குழுக்கள் இன்றும் அமெரிக்காவில் இருக்கின்றன. அவர்களுக்காக நேர்மையாகச் செய்த நகல்கள் பல கை மாறிய பிறகு அசல் என்ற பெயரில் வந்து சேர்வதுண்டு.

பெயர்களையும் படிக்கத் தெரிய வேண்டும். ஸ்பால்டிங், சிகாகோவில் 1876-இல் தொடங்கியது. பிலடெல்பியாவின் ரீச், 1889-இல் ஸ்பால்டிங் கைக்குப் போன பிறகும் தன் பெயரிலேயே விற்றது. செயின்ட் லூயிஸின் ராலிங்ஸ், சின்சினாட்டியின் கோல்ட்ஸ்மித், ப்ராக்டனின் ஸ்டால் அண்ட் டீன். நியூ ஹாம்ஷையர் மாநிலம் ப்ளிமத் ஊரின் ட்ரேப்பர் அண்ட் மேனார்டு. நாய்ப் படம் போட்ட அதன் முத்திரையை நியூ இங்கிலாந்துக்காரர்கள் பார்த்ததும் புன்னகைப்பார்கள். ஸ்பால்டிங் மிட்டுகளில் எண்ணுக்குப் பின்னால் வரும் பூஜ்யம் தரத்தைச் சொல்லும். ஒரே ஆண்டில் பணக்கார ஆட்டக்காரருக்கான மிட்டும், பையன்களுக்கான மலிவு மிட்டும் ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்தன. ஆண்டு தெரிந்தால் போதாது, படிநிலையும் தெரிய வேண்டும். இதற்கெல்லாம் பெரியவர் நம்பியது பழைய விலைப்பட்டியல்களையும் ஸ்பால்டிங் ஆண்டு மலர்களின் விளம்பரப் பக்கங்களையும்தான். அந்த மலர்களில் பல அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. படத்தையும் பொருளையும் பக்கத்தில் வைத்து, வாரின் துளைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கச் சொல்வார்.

விலை என்பது இவற்றையெல்லாம் கூட்டிக் கழிப்பது. காலம், தரம், நிலை, முழுமை, லேபிள், வந்த வழி. எல்லா வார்களும் பட்டைகளும் அசலாக இருக்க வேண்டும். மெத்தையை மாற்றியிருந்தால் விலை இறங்கும். எண்ணெய் பூசிக் கறுக்கவைத்த தோலும் அப்படியே. நல்லெண்ணத்தோடு பூசிய எண்ணெய் எத்தனையோ நல்ல மிட்டுகளைக் கெடுத்திருக்கிறது. 1950களின் சாதாரணக் கடை மிட்டை எங்கள் கடையில் இருபது, முப்பது டாலருக்குக் கொடுத்தோம். 1890களின் மிட் நல்ல நிலையில் வந்தால் அதைவிடப் பல மடங்கு கேட்கலாம். படம் போட்ட அசல் அட்டைப்பெட்டி இருந்தால் சில சமயம் உள்ளே இருக்கும் மிட்டைவிடப் பெட்டிக்கே அதிகம் கிடைக்கும். விற்காமல் கிடங்கில் கிடந்து, ஒரு பந்தைக்கூடப் பிடிக்காத மிட்டுக்குத்தான் சந்தையில் முதல் மரியாதை. பெயர்பெற்ற ஆட்டக்காரர் பயன்படுத்தியது என்று நிரூபிக்க முடிந்தால் கணக்கு வேறு. தேய்மானமே அப்போது விலையாகிவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. சனிக்கிழமை ஆடிய நெசவாலைக்காரர்களின், ஷூ தொழிலாளிகளின் கவசங்கள். நன்றாக உழைத்தவை, பெயர் இல்லாதவை. அவற்றுக்குச் சந்தை கொடுப்பது மிகக் குறைவு. என் மனம் எப்போதும் இவற்றின் பக்கம்தான் சாய்ந்தது.

எங்கள் கடைக்கு அருகில் ப்ளாக்ஸ்டோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு. வரிசையாக ஆலைகள் இருந்த பகுதி. ஆலைக்கு ஓர் அணி இருந்தது. அங்கே மில்வில் என்ற ஊரில் வளர்ந்தவர் கேபி ஹார்ட்னெட். 1922 முதல் 1940 வரை சிகாகோ கப்ஸ் அணியின் கேட்சர், 1955-இல் கூப்பர்ஸ்டவுனின் பேஸ்பால் புகழ்மன்றத்தில் இடம் பெற்றவர். அதனால் அந்தப் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு 'ஹார்ட்னெட்டின் மிட்' உண்டு.

ஒரு நாள் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்தார். மேலே மெல்லிய தாளில் சுற்றிய மிட். "எங்க தாத்தாவுக்கு ஹார்ட்னெட் தன் கையால கையெழுத்துப் போட்டுக் குடுத்தது" என்றார். பெரியவர் மிட்டை என்னிடம் தள்ளினார். கையெழுத்து இருந்தது. சாய்த்துப் பிடித்து வெளிச்சம் விழச் செய்தேன். எழுத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே ஆழம். பேனா அழுத்தித் தூக்கும் இடமே இல்லை. அருகில் மாடல் எண். கடையில் விற்ற மிட்டில் தொழிற்சாலை அச்சு வைத்துப் பதித்த கையெழுத்து அது. அப்படிப் பதித்த மிட்டுகளை ஊர் ஊராகச் சிறுவர்கள் வாங்கினார்கள்.

பெரியவர் அதை அவருக்கு எடுத்துச் சொன்ன விதத்தை நான் மறக்கவில்லை. அச்சு எப்படி விழுகிறது என்று அவரையே விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். அவர் முகம் வாடியதும், "தாத்தா எந்த அணிக்கு ஆடினாருங்க?" என்று கேட்டார்.

கம்பளி ஆலை அணிக்கு என்றார். தாத்தாவின் பெயரைச் சொன்னார், ஆலை இருந்த தெருவைச் சொன்னார். மிட்டுக்கு அடியில் பெட்டியில் இன்னும் ஏதோ கிடந்தது. முகக்கவசம். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. வெல்டிங் வந்த காலத்துக் கம்பி. உள்ளே குதிரைமுடி மெத்தை. வலது கன்னத்துக்கு நேரே ஒரு கம்பி ஒடிந்து, அதன்மேல் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி இறுக்கியிருந்தது. நெற்றி மெத்தையைப் பிரித்துத் திரும்பத் தைத்திருந்தார்கள். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தையலைப் பார்த்தார். மெழுகு நூல், இரண்டு ஊசி, இருபுறமிருந்தும் ஒரே துளை வழியாக. "இது தொழில் தெரிஞ்சவன் தையல்" என்றார். அந்தக் குரலில் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளிக்குக் கொடுக்கும் மரியாதை இருந்தது.

அணிப் புகைப்படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அடுத்த முறை அவர் சட்டமிட்ட படத்தோடு வந்தார். இரண்டு வரிசையாக ஆட்டக்காரர்கள். முன்வரிசை ஓரத்தில் தாத்தா, மடியில் முகக்கவசம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். வலது கன்னப் பக்கத்துக் கம்பியில் தடித்த சுற்று. அதே இடம், அதே நீளம்.

பெரிய ஆட்டக்காரர்களின் பொருள்களை உறுதிப்படுத்த ஏல நிறுவனங்கள் செய்வதும் இதுதான்: படத்தில் உள்ள கீறலும் பொருளில் உள்ள கீறலும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. ஒரு ஆலைத் தொழிலாளிக்கு அதையே நாங்கள் செய்தோம். சந்தையில் கவசத்தின் விலை கொஞ்சம் உயர்ந்தது, அவ்வளவுதான். ஆனால் எந்தக் கடையிலும் கிடக்கக்கூடிய பழைய கவசமாக இருந்தது, பெயரும் ஊரும் ஆலையும் உள்ள ஒரு மனிதனின் கவசமாயிற்று. அந்தப் பெண்மணி மிட்டை விற்றார், கவசத்தை விற்கவில்லை.

பெயர் இல்லாமல் போவது வெறும் மறதியால் மட்டும் நேர்வதல்ல. மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் 1884-இல் டொலீடோ அணியின் கேட்சராகப் பெரிய லீக்கில் ஆடிய கறுப்பினத்தவர். அதற்குப் பிறகு கறுப்பினத்தவருக்குக் கதவு மூடப்பட்டது. 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை திறக்கவில்லை. அந்த இடைக்காலத்தில் ஜாஷ் கிப்சன், பிஸ் மேக்கி போன்ற மகத்தான கேட்சர்கள் கறுப்பினத்தவருக்கென்று தனியாக இருந்த நீக்ரோ லீக்குகளில் ஆடினார்கள். 1948-இல் ப்ரூக்ளின் அணிக்கு வந்த கேட்சர் ராய் கேம்பனெல்லா அங்கிருந்து வந்தவர்தான். அந்த லீக்குகளின் ஆட்டக்காரர்கள் அணிந்த கவசங்கள் ஆதாரத்தோடு கிடைப்பது மிக அரிது. அவர்கள் அணிந்த மிட்டையும் கவசத்தையும் அதே தொழிற்சாலைகள்தான் செய்தன. பொருளில் வேறுபாடு இல்லை. யாருடையது என்று எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அந்த நாட்டில் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடைக்கவில்லை. பெயரற்ற நல்ல மிட் ஒன்று கைக்கு வரும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

அதனால், தாத்தாவின் கேட்சர் கவசம் பரணில் இருக்கிறது, என்ன செய்வது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். எண்ணெய் பூசாதீர்கள், கழுவாதீர்கள், அறுந்த வாரை மாற்றாதீர்கள், கம்பியின் துருவைச் சுரண்டாதீர்கள். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், அமிலமில்லாத தாளில் சுற்றி வையுங்கள். பட்டையைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். அதற்குமுன், இன்றைக்கே, ஒரு தாளை எடுத்துப் பென்சிலால் எழுதுங்கள்: அணிந்தவர் பெயர், ஊர், அணி, ஏறத்தாழ எந்த ஆண்டுகள், எந்த வேலை பார்த்தார், இதை உங்களுக்குச் சொன்னவர் யார். அணிப் படம் இருந்தால் பின்பக்கம் ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். அந்தத் தாளைக் கவசத்தோடு சேர்த்து வையுங்கள்; பிரதி ஒன்றை அந்த ஊரின் வரலாற்றுச் சங்கத்துக்குக் கொடுங்கள். எந்த ஆண்டு, எந்தத் தொழிற்சாலை, என்ன தரம் என்பதைக் கம்பியையும் தையலையும் பார்த்து என்னைப் போன்றவர்கள் நூறு வருஷம் கழித்தும் கண்டுபிடித்துவிடலாம். யார் அணிந்தார் என்பதைத் தோலும் கம்பியும் சொல்லாது. அது வீட்டில் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும், அவருக்கும் வயதாகிக்கொண்டிருக்கும். அவரிடம் முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.